பட்டத்துக் குதிரைக்கு வந்த காய்ச்சல்

மாதம் மும்மாரி பெய்ததோ என்னவோ, முன்னொரு காலத்தில் தேங்கூர்ச் சீமையை வாகைவேந்தன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பட்டத்துக் குதிரைமேல் வைத்த பிரியம் மட்டும் மாறாது. அரண்மனை வைத்தியர் ஆயுள்நாதருக்கோ தன்மேலேயே அந்தப் பிரியம்.

அரண்மனைச் சாக்கடை இறங்கி ஓடும் இடம் ஓடைத்தெரு. அங்கே வருஷா வருஷம் காய்ச்சல். அந்த வருஷம் ஏழு பேர் செத்துப்போனார்கள். ராசா காரணம் கேட்டான்.

"விடிந்தும் தூங்குகிற சோம்பேறிகள், மகாராசா. ஒழுக்கமுள்ள உடம்பில் நோய் அண்டாது" என்றார் வைத்தியர். பாலும் தேனும் சாப்பிட்டு நாற்பது நாள் ஓய்வெடுக்கச் சொன்னால் ஒருத்தரும் கேட்பதில்லை என்றும் குறைபட்டுக்கொண்டார். கூழுக்கே வழியில்லாதவர்கள் தேனுக்கு எங்கே போவார்கள் என்று கேட்க அந்தச் சபையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ராசா உடனே உத்தரவு போட்டான். பௌர்ணமிக்குள் ஓடைத்தெருக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியேற வேண்டும், நோய் ஊருக்குள் பரவக் கூடாது.

குதிரைக்குப் புல் அறுத்துப் போடுகிறவள் வெள்ளச்சி. அவளும் ஓடைத்தெருதான். அவள் மகள் காய்ச்சலில் கிடந்தாள். தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனால் பிள்ளை பிழைக்காது. நேரே சபைக்கு வந்து கும்பிட்டாள்.

"போறதுக்கு முன்னால ஒரு வரம் வேணும், மகாராசா. பட்டத்துக் குதிரைய எட்டு நாள் எங்க தெருவுல கட்டிவைங்க. அரண்மனைக் கொள்ளே தின்னட்டும், சேவகரே தேய்ச்சுவிடட்டும். தண்ணி மட்டும் எங்க கிணத்துல. விடியுமுன்னே எந்திரிக்கிற சீவன், அதப் பாத்தாவது எங்க சனம் ஒழுக்கம் கத்துக்கட்டும்."

ராசா தயங்கினான். ஆயுள்நாதருக்கோ தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதையில் தலைகால் புரியவில்லை. ஒழுக்கமே குதிரைக்குக் கவசம் என்று சொல்லி, கயிற்றைத் தாமே பிடித்துக் கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும்.

ஐந்தாம் நாள் குதிரை எழவில்லை. உடம்பு கொதித்தது, வயிறு ஊதியது. ராசா வெறுங்காலோடு ஓடிவந்தான். பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்தியர். தலை தப்பினால் போதும் என்று படபடவென்று கொட்டினார்.

"தரையெல்லாம் ஈரம், மகாராசா. கிணற்றில் சாக்கடை கலக்கிறது. கொசு வேறு. இங்கே எந்த உயிர்தான் நோகாமல் இருக்கும்? குதிரைமேல் என்ன குற்றம்?"

வெள்ளச்சி மெதுவாகக் கேட்டாள்: "விடிஞ்சும் எந்திரிக்காமக் கிடக்கே, அது சோம்பேறித்தனம் இல்லீங்களா, சாமி?"

தெருவே சிரித்தது. ராசா சிரிக்கவில்லை. குடிசைக்குள் குனிந்து பார்த்தான். அதே ஈரத்தரையில் அவள் மகள் கிடந்தாள்.

வெளியேறும் உத்தரவு அங்கேயே ரத்தானது. குதிரைக்கும் பிள்ளைக்கும் உலர்ந்த இடம், நல்ல தண்ணீர், மருந்து. வைத்தியரின் பொன்னாடை வெள்ளச்சி தோளுக்குப் போனது. சாக்கடையை வேறு பக்கம் திருப்பும்வரை ஆயுள்நாதர் ஓடைத்தெருவில் குடியிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்றும் தீர்ப்பானது. மூன்று மாத வேலை என்றார்கள். வைத்தியர் தாமே மண்வெட்டி பிடித்து ஒன்பது நாளில் முடித்துவிட்டார்.

பிள்ளை பிழைத்தது, குதிரையும் பிழைத்தது. ஏழு மனுஷர் செத்தபோது வராத புத்தி ஒரு குதிரை படுத்ததும் வந்தது, ராசாக்கள் லட்சணம் அப்படி. ஆயுள்நாதர் மட்டும் அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் எப்போது எழுந்தாய் என்று கேட்டதில்லை. எங்கே தண்ணீர் எடுக்கிறாய் என்றுதான் கேட்பார்.