கூட்டுக்குள் தூங்கிய விமானம்

மலைக்காட்டுப் பலாமரம் ஒன்றில் ஒரு மலை அணில் தன் அம்மாவோடு வாழ்ந்து வந்தான். பெயர் செவ்வாலன். "குட்டி" என்று கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வரும். "நீ பெரியவனாச்சே" என்று சொல்லி வேலை கொடுத்தால் அதைவிடக் கோபம் வரும். அப்படி ஒரு வயது!

அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. தினமும் காலையில் காட்டுக்கு மேலே வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு ஒரு விமானம் போகும். அதைப் பார்த்த நாள்முதல் செவ்வாலனுக்கு வேறு நினைப்பே இல்லை. உதிர்ந்த மரப்பட்டையைக் கடித்துக் கடித்து இறக்கை செய்வான். மூக்கில் களிமண் உருண்டை ஒட்டுவான். உச்சிக்கிளைக்கு ஏறி, "போடா ராஜா!" என்று வீசுவான்.

கீழே அவன் சிநேகிதன் புள்ளியான் தயாராக நிற்பான். புள்ளியான் ஒரு சருகுமான். மான் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், முயல் அளவுதான் இருப்பான். ஆனால் ஓட்டத்தில் சூரன். விமானம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஓடி, அது விழுந்த இடத்திலிருந்து வாயில் கவ்விக்கொண்டு வருவான்.

விமானம் பறந்தால் இருவருக்கும் கொண்டாட்டம். மூக்குக் குப்புற விழுந்தால் இன்னும் பெரிய கொண்டாட்டம்! புள்ளியான் தரையில் உருண்டு சிரிப்பான். செவ்வாலன் அடுத்த பட்டையைக் கடிக்க ஆரம்பிப்பான்.

ஒரு நாள் வால்காக்கை வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது. இந்தக் காட்டுச் சாமானை அந்தக் காட்டிலும், அந்தக் காட்டுச் சாமானை இந்தக் காட்டிலும் தள்ளிவிட்டுப் பிழைக்கிற பறவை அது. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்!

"என்ன தம்பி, மரப்பட்டையா?"

"ஆமாண்ணே. நல்லாப் பறக்குது!"

"பறக்கும், பறக்கும். சருகு கூடத்தான் பறக்குது! மேல்காட்டுல உன் வயசுப் பசங்க எல்லாம் இப்ப இலவமரப் பலகையிலதான் செய்யறாங்க. மரங்கொத்தி மெலிசா சீவிக் கொடுக்கும். கையில வெச்சா கனமே தெரியாது. பாவம், நீ விவரம் தெரியாத புள்ள!"

செவ்வாலனுக்குச் சுருக்கென்றது. அதுவரை அழகாக இருந்த மரப்பட்டை சட்டென்று அசிங்கமாகத் தெரிந்தது.

"அந்தப் பலகை எனக்குக் கிடைக்குமாண்ணே?"

"உனக்கு இல்லாததா! உன் பங்குப் பலாச்சுளையில எனக்குக் கொஞ்சம் கொடு, போதும்."

பலகை வந்தது. நல்ல பலகைக்கு நல்ல வால் வேண்டாமா? மயிலிறகு வந்தது. மயிலிறகு நனையாமல் இருக்க வேண்டாமா? தேன்மெழுகு வந்தது. மெழுகை வெறுங்கையாலா தேய்ப்பது? இலவம்பஞ்சு வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் பலாச்சுளை போனது. பலா முடிந்து நாவல் பழுத்தது. நாவலும் அதே வழியில் போனது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்!

"டேய், வயிறு ஒட்டிப் போச்சேடா!" என்றாள் அம்மா.

"எனக்குப் பசிக்கலம்மா" என்றான் செவ்வாலன். பொய். நன்றாகப் பசித்தது.

ஒருவழியாக விமானம் முடிந்தது. அடேயப்பா! தேனில் முக்கி எடுத்த மாதிரி ஒரு பளபளப்பு. நீண்ட இறக்கை, பச்சையும் நீலமுமாக மின்னும் வால். செவ்வாலன் அதற்குப் 'பொன்சிறகு' என்று பெயர் வைத்தான். காடே திரண்டு வந்து மூக்கின்மேல் விரல் வைத்தது. விரல் இல்லாதவர்கள் சும்மா நின்று பார்த்தார்கள்.

"விடுடா! நான் ரெடி!" என்று கீழே நின்று துள்ளினான் புள்ளியான்.

செவ்வாலன் உச்சிக்கிளைக்கு ஏறினான். கையைத் தூக்கினான். அப்படியே நின்றான். எத்தனை பலாச்சுளை இதில் இருக்கிறது! பாறையில் மோதினால்? முள்ளில் மாட்டினால்?

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தியா இருக்குடா. நாளைக்கு விடலாம்" என்று இறங்கிவிட்டான்.

மறுநாள் காற்றே இல்லை. "காத்து இல்லாம எப்படி விடறது?" என்றான். அதற்கு அடுத்த நாள் வெயில். "மெழுகு உருகிடும்" என்றான். பிறகு மேகம் வந்தது. "தூறல் விழுந்தா மயிலிறகு என்னாகும்?" என்றான். மனம் இல்லாவிட்டால் சாக்குக்கா பஞ்சம்!

தினமும் கீழே வந்து அண்ணாந்து பார்த்து நின்ற புள்ளியானுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். "நீ எப்ப விடறியோ அப்பச் சொல்லி அனுப்புடா" என்று ஓடைப் பக்கம் போய்விட்டான். அங்கே காட்டுக்கோழிக் குஞ்சுகளோடு ஓடிப் பிடித்து விளையாட ஆரம்பித்தான். அந்தச் சிரிப்புச் சத்தம் மரத்து உச்சிவரை கேட்கும். செவ்வாலன் எட்டி எட்டிப் பார்ப்பான். பிறகு மறுபடியும் பொன்சிறகைத் துடைப்பான்.

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். பனி இறங்கினால் மெழுகு வெளுக்குமாம். அதனால் பொன்சிறகைத் தன் கூட்டுக்குள் படுக்க வைத்தான். இறக்கை நீளம், கூடு சின்னது. விமானத்துக்கு இடம் இருந்தது, அணிலுக்கு இடமில்லை! அவன் வெளியே கிளையில் சுருண்டு தும்மிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, பலகை உள்ளே தூங்குது, பெத்த புள்ள வெளியே நனையறான். இது எந்த ஊர் நியாயம்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வால்காக்கை மறுபடியும் வந்தது.

"தம்பி, வால் கொஞ்சம் மங்கிப் போச்சே! புது இறகு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்."

செவ்வாலன் கையில் அன்று கிடைத்த காட்டு நெல்லிக்காய்கள் இருந்தன. வயிறு கடகடவென்றது. முதல்முறையாக அவன் கையை நீட்டவில்லை.

"அண்ணே, இந்த விளையாட்டுக்கே முழுக்குப் போட்டுடலாமான்னு யோசிக்கறேன்."

"ஐயையோ! இவ்வளவு போட்டப்புறமா? பாதிக் கிணறு தாண்டுவாங்களா தம்பி? இன்னும் ஒரே ஒரு சாமான், அவ்வளவுதான்!"

"நாளைக்கு வாங்கண்ணே" என்று சொல்லி அனுப்பினான்.

பிறகு தனியாக உட்கார்ந்து யோசித்தான். நிறுத்தினால், இத்தனை நாள் கொடுத்த பழமெல்லாம் வீண். நிறுத்தாவிட்டால், இனி பழுக்கப்போகிற பழமும் வீண். இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. விமானம் என்றால் அவனுக்கு உயிர். அதை நிறுத்திவிட்டால் நாளெல்லாம் என்ன செய்வான்? மற்ற அணில்கள் மாதிரி தின்பதும் தூங்குவதும்தானா? நினைக்கவே அழுகை வந்தது. கொஞ்சம் அழுதும்விட்டான்.

"அம்மா, விட்டுடட்டுமா?"

"ஆரம்பிக்கும்போது என்னைக் கேட்டியா? இப்ப மட்டும் என்ன கேள்வி! உன் பொருள், நீயே முடிவு பண்ணு. ஆனா ஐப்பசி மழை வருது கண்ணு. அதுக்குள்ள உடம்பைத் தேத்திக்கோ" என்றாள் அம்மா.

செவ்வாலன் கண்ணைத் துடைத்தான். பொன்சிறகைத் தூக்கினான். ஓடைக்கரை அத்திமரத்தை நோக்கிக் கிளை கிளையாக நடந்தான்.

அந்த அத்திமரம் கருமந்தி மைனருடையது. அழகான பொருள் எதைப் பார்த்தாலும் மைனருக்கு அது வேண்டும். மரமோ எப்போதும் காய்த்துத் தொங்கும். அவரிடம் விமானத்தைக் கொடுத்துப் பழம் கேட்பது என்று செவ்வாலன் முடிவு செய்திருந்தான்.

வழியில் புள்ளியான் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "எங்கடா தூக்கிட்டுப் போறே? விடப் போறியா?"

"கொடுக்கப் போறேன். இனிமே விமானமே கிடையாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

புள்ளியான் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

மைனர் பொன்சிறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகு! அழகோ அழகு! ஆமா, பறக்குமா?"

செவ்வாலன் திருதிருவென்று விழித்தான். "பறக்கும்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா? செஞ்சவன் நீதானே? ஒரு தடவைகூட விட்டதில்லையா?"

"இல்ல."

"அப்ப இத்தனை நாளா என்னதான் பண்ணினே?"

"துடைச்சேன்."

மைனர் கிளையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, ஒரு தடவை விட்டுக் காட்டு. பறந்துச்சுன்னா வாங்கிக்கறேன். அடைமழை முடியற வரைக்கும் நீ இந்த மரத்துல வந்து தின்னுக்கோ!"

செவ்வாலன் அத்திமரத்து உச்சிக்கு ஏறினான். பழக்கம் விடுமா? தூக்கிய கை பாதியிலேயே நின்றது. 'அட, எப்படியும் கைவிட்டுப் போகப்போற பொருள்தானே!' என்று நினைத்தான். அவ்வளவுதான், தயக்கம் போய்விட்டது.

"போடா ராஜா!"

பொன்சிறகு கிளம்பியது. முதலில் கொஞ்சம் தாழ்ந்தது. செவ்வாலனுக்கு உயிரே போய் வந்தது. பிறகு ஓடைக்காற்று அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. என்ன பறப்பு! நாணல் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய், ஓடையைத் தாண்டி, பெரிய வட்டம் போட்டுத் திரும்பியது. கீழே புள்ளியான் வெறிபிடித்த மாதிரி ஓடினான். தண்ணீரில் தொபீரென்று விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான். "வருதுடா! வருதுடா!" என்று கத்தினான்.

பொன்சிறகு ஒரு நாணலை உரசிக்கொண்டு புல்லில் இறங்கியது. செவ்வாலன் தலைகீழாக மரத்தை விட்டு இறங்கி ஓடினான். "புள்ளியா! பார்த்தியாடா! பார்த்தியா!" இருவரும் கட்டிப் புரண்டார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு செவ்வாலன் வயிறு வலிக்கச் சிரித்தான்.

மைனர் தாவி வந்தார். "எடுத்துக்கறேன்! என் மரப்பொந்து உச்சியில மாட்டி வைக்கப் போறேன். ஒரு பய கை வைக்கக் கூடாது!"

புள்ளியான் செவ்வாலன் காதோடு சொன்னான், "கொடுக்காதடா! இவ்வளவு நல்லாப் பறக்குதே. நாமளே வெச்சுக்கலாம். தினமும் விடலாம்!"

செவ்வாலனுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொன்சிறகைக் கையில் எடுத்தான். இறக்கை ஓரத்தில் நாணல் கிழித்த சின்னக் கீறல் கண்ணில் பட்டது. உடனே, 'ஐயோ, எவ்வளவு ஆசையா மெழுகு போட்ட இடம்!' என்று மனம் பதறியது. நாளைக்கு இதை வீசத் தன் கை வராது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எடுத்துக்கோங்க மைனரே" என்று நீட்டினான். கொடுத்த பிறகு கை எவ்வளவு லேசாக இருந்தது!

அன்று இருவரும் வயிறு முட்ட அத்திப்பழம் தின்றார்கள். திரும்பி வரும் வழியில் செவ்வாலன் நின்றான். காய்ந்த மரப்பட்டை ஒன்று கீழே கிடந்தது. முகர்ந்து பார்த்தான். ஓரத்தைக் கடித்தான். இன்னொரு ஓரத்தையும் கடித்தான்.

"எப்பவுமே கிடையாதுன்னு சொன்னியே!" என்றான் புள்ளியான்.

"அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். நான் தலைமுழுக வேண்டியது விமானத்தை இல்லடா, வால்காக்கையை!"

பலாமரத்தடிக்கு வந்ததும் களிமண் ஒட்டி, உச்சிக்கு ஏறி வீசினான். பட்டை விமானம் அரைவட்டம் போட்டு, காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் தலையில் நச்சென்று விழுந்து இரண்டாக உடைந்தது.

"எவன்டா அது!" என்று கத்தினாள் அம்மா. அண்ணாந்து பார்த்தாள். மகன் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த விளையாட்டையே நீ விட்டுட்டேன்னு நினைச்சேனே?"

"வாங்கறதை நிறுத்திட்டேன்மா. விளையாட்டை எதுக்கு நிறுத்தணும்?" என்றான் செவ்வாலன். சொல்லிக்கொண்டே அடுத்த பட்டையைத் தேடிப் போனான்.

உடைந்துவிடுமோ என்று பயந்து பூட்டி வைக்கிற பொருளுக்கு நாம் வெறும் காவல்காரர்கள். உடைந்தாலும் சிரித்துக்கொண்டே மறுபடி செய்யத் துணிகிற பொருளுக்குத்தான் நாம் சொந்தக்காரர்கள்.