ஆபத்சகாயத்தின் வாழைப்பழ முத்திரை

வாழைத்துறை ராஜா பரிதிமாறன் ஒருநாள் அழுகிய மாம்பழம் ஒன்றைத் தின்றுவிட்டு, மூன்று நாள் சொம்பும் கையுமாக ஓடினார். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சட்டம் போட்டார். "இனி காயோ கனியோ, அரசாங்க முத்திரை இல்லாமல் சந்தைக்குள்ளே வரக்கூடாது!"

அதற்கென்று ஒரு முத்திரைச் சாவடி வைத்தார்கள். அதன் அதிகாரி பெயர் ஆபத்சகாயம். பெயர்தான் அப்படி. ஜனங்கள் கோயிலுக்குப் போனால் அவரிடமிருந்து காப்பாற்றச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டார்கள்.

பேச்சியம்மாள் என்று ஒரு விவசாயி. வாழைத்தார்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சாவடிக்கு வந்தாள். ஆபத்சகாயம் தாருக்கு ஒரு சீப்பு 'மாதிரி'க்கு என்று வெட்டி உள்ளே அனுப்பினார். பிறகு "நிறம் பச்சை" என்று ஓலையில் எழுதினார். ஓலை ஒன்பது மேஜை ஏறி இறங்க ஒன்பது நாள் ஆனது. அதற்குள் காய் பழுத்துவிட்டது.

"ஓலையில் பச்சை, வண்டியில் மஞ்சள். இது வேற சரக்கு. மறுபடி மனு குடு."

மறுபடி ஒரு சீப்பு உள்ளே போனது. "நிறம் மஞ்சள்" என்று எழுதி, ஒன்பது நாள் கழித்து ஓலை வந்தது. பழம் கறுத்து, ஈ மொய்த்தது.

இப்படியே இரண்டு வண்டி குப்பைக்குப் போய்விட்டது. மூன்றாவது வண்டியும் அன்று காலை மஞ்சளாகி நின்றது. பேச்சியம்மாள் அரண்மனை வாசலில் விகடகவி கோலப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இதுதான் கடைசி வண்டி. இதுவும் அழுகுனா அடுத்த வருசம் கன்னு வைக்க வழியில்ல. நிலத்தை விட்டுட்டுப் போகவேண்டியதுதான். வயிறு எரியுது!"

"அழாதே தாயி, வா என்கூட" என்று கோலப்பன் அவளைச் சபைக்கு அழைத்துப் போனான்.

அவள் குறையைக் கேட்டு ராஜா முகத்தைச் சுளித்தார்; பக்கத்தில் ஆபத்சகாயமும் நின்றிருந்தார். "என் சட்டத்தில் குறையா? இப்பவே இங்கேயே நிரூபி. முடியாட்டி ஒரு வருஷம் சாவடியில் உட்கார்ந்து ஈ ஓட்டணும்."

"ஆகட்டும் மகாராஜா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். இதோ நிக்கிறாரே, இவர் யாரு?"

"என்னய்யா விளையாட்டு? ஆபத்சகாயம்!"

"அவரோட நியமன ஓலையைக் கொஞ்சம் எடுத்து வரச் சொல்லுங்க."

ஓலை வந்தது. அந்த நாட்டில் ஆளை வேலைக்கு வைத்தால் அங்க அடையாளத்தையும் எழுதிவிடுவது வழக்கம். கோலப்பன் உரக்கப் படித்தான்.

"கருகருன்னு அடர்ந்த முடி. ஒட்டிய வயிறு. பல் முப்பத்திரண்டு."

சபையே ஆபத்சகாயத்தைத் திரும்பிப் பார்த்தது. தலையில் நாலு முடி இருந்தது. அதுவும் வெள்ளை. வயிறு, இத்தனை நாள் உள்ளே போன சீப்புகள் எங்கே போயின என்று சாட்சி சொன்னது. அவர் திறந்த வாய் திறந்தபடி நின்றதால், பற்களை எண்ணவும் சௌகரியமாக இருந்தது. பதினொன்று.

"ஓலை வேற, சரக்கு வேற மகாராஜா! யாரோ ஒருத்தன் நம்ம அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கான். இவரை வெளியே நிறுத்துங்க. புது மனு குடுக்கட்டும். ஒன்பது நாள் ஆகும்."

ஆபத்சகாயம் அலறினார். "அநியாயம்! அது இருபது வருஷத்துக்கு முன்னே எழுதினது! ஆள் அதே ஆள்தான் மகாராஜா, கொஞ்சம் பழுத்திருக்கேன், அவ்வளவுதான்!"

"அடடா!" என்று கோலப்பன் கைதட்டினான். "இதைத்தானே ஒன்றரை மாசமா வாழைப்பழமும் சொல்லுது. பாவம், அதுக்கு வாய் இல்ல!"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "சபாஷ்! சரி, சட்டத்தை மாத்தலாம். ஒன்பது நாளில் மந்திரிகள் கூடி யோசிக்கட்டும்."

"ஐயோ, ஒன்பது நாளா!" என்று பேச்சியம்மாள் தலையில் கைவைத்தாள்.

கோலப்பன் மடியிலிருந்து ஒரு காசை எடுத்தான். பதினெட்டு வயதில் ராஜாவுக்குப் பட்டம் கட்டியபோது அடித்த காசு. சுருள் முடியும் கூரிய தாடையுமாக இளவட்டம் ஒருத்தர் அதில் சிரித்தார். கோலப்பன் காசைப் பார்த்தான். சிம்மாசனத்தைப் பார்த்தான். அங்கே மூன்று அடுக்குத் தாடை. மறுபடி காசைப் பார்த்துவிட்டு, மெதுவாக வாயைத் திறந்தான்.

"டேய் டேய்! வாயை மூடு!" ராஜா துள்ளி எழுந்தார். "இன்னிக்கே, இப்பவே சட்டத்தை மாத்தியாச்சு! பழத்தைப் பார்த்த இடத்திலேயே முத்திரை குத்தணும்! ஆபத்சகாயம், ஓடும்!"

ஆபத்சகாயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பேச்சியம்மாள் கும்பிடக்கூட நிற்காமல் அவர் பின்னாலேயே ஓடினாள். சாயங்காலத்துக்குள் வண்டி காலி.

இங்கே ராஜா கோலப்பனைக் கிட்டே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காசை இப்படிக் குடுத்துடு. பதிலுக்கு ஒரு பை நிறையப் பொற்காசு தரேன்."

கோலப்பன் பணிவாகக் காசை நீட்டிவிட்டுப் பையை வாங்கினான். அவிழ்த்துப் பார்த்தான்.

பை நிறைய அதே சுருள் முடிக் காசுகள்.