பொய்க்கு ஒலிக்காத முரசு

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கே இன்னும் வயசு ஏறாத காலத்திலே, வெண்குன்றம் என்று ஒரு நாடு. கோட்டை வாசலில் ஒரு மாய முரசு. மெய் சொல்லி அறைந்தால் ‘திடும்’ என்று ஏழு ஊருக்குக் கேட்கும். பொய் சொல்லி அறைந்தால் அழுகின பூசணிக்காய் மாதிரி ‘பொக்’கென்று அடங்கிவிடும். அதை அறைகிறவள் சேந்தி. ஏழு தலைமுறையாக அவள் வீட்டுக்கு அதுதான் வேலை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆள்பவர் இறந்தால் முரசறைபவர் ஒருமுறை சொல்ல, ஊரார் மூன்றுமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய சேதியை ஒற்றை வாய் சுமக்கக் கூடாதாம்.

தினமும் மாடத்தில் வந்து நிற்கும் அரசி பூங்குழையாள் ஒருநாள் வரவில்லை. மந்திரவாதி அமைச்சன் காரிமுகன்தான் வந்தான்.

“சேந்தி, அரசிக்குச் சளி என்று அறை.”

அறைந்தாள். பொக்.

மறுநாள், “அரசி விரதம் என்று அறை.” பொக்.

மூன்றாம் நாள், “அரசி நலம் என்று அறை.” பொக்! தோலே சுருங்கிப் போனது.

சேந்தி கோலைக் கீழே போட்டாள். அரண்மனைக் காவலனான அவள் அண்ணன் ஆதனைத் தேடி முற்றத்துக்கு ஓடினாள். திறந்த வாயோடு கல்லாக நின்றான் ஆதன். தலையில் ஒரு மைனா.

“அரசி இறந்ததைப் பார்த்தான், சொன்னான், என் மந்திரத்தால் கல்லானான். ஊரில் யார் அதைச் சொன்னாலும் கல்தான்,” என்று சிரித்தான் காரிமுகன். “இளவரசி என் பூட்டுக்குள். இனி செத்தவள் பெயரால் நான்தான் ஆள்வேன். மாடத்தைப் பார்!”

அங்கே அரசியின் மாய உருவம் ஒன்று தலையாட்டியது. கீழே ஊர் வாழ்த்தியது.

“வாயை மூடிக்கொண்டு பிழைத்துப் போயேன், சேந்தி.”

“பிழைக்கலாம், அமைச்சரே. அப்புறம் என் முரசு முகத்தில் எப்படி விழிப்பேன்?”

சந்தை நாள். நல்ல உச்சி வெயில். சேந்தி முரசு மேடை ஏறினாள். வாசல் வழியே தெரிந்த கல் அண்ணனை ஒருமுறை பார்த்தாள். கோலை ஓங்கினாள்.

“நம் அரசி பூங்குழையாள் இறந்துவிட்டார்!”

திடும்! ஏழு ஊரும் அதிர்ந்தது. அவள் பாதம் கல்லானது. முழங்கால் கல்லானது. இடுப்பு கல்லானது. ஊரோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

“என்ன வேடிக்கை? வழக்கம் மறந்துபோச்சா?” என்று கத்தினாள் சேந்தி.

மோர்க்காரி பொன்னாத்தாள் தலைப்பானையை இறுகப் பிடித்தாள். “அடியே, நான் கல்லாயிட்டா என் மோரை யாரடி விப்பா?”

“ஒருத்தி சொன்னா ஒரு கல்லு. ஊரே சொன்னா ஆளுக்கு ஒரு மணல்தான், அக்கா!”

பொன்னாத்தாள் பானையை இறக்கி வைத்தாள். “அட, மணல்தானே!” என்று குரலெடுத்தாள். அவளோடு ஊரும் எடுத்தது.

முதல்முறை சொன்னார்கள், கழுத்துவரை ஏறிய கல் அங்கேயே நின்றது. இரண்டாம் முறை, கல் விரிசல் விட்டது. மூன்றாம் முறை, பொலபொலவென்று உதிர்ந்தது! ஆதன் சோம்பல் முறித்தான், மைனா பறந்தது. மாடத்து உருவம் புகையாய்ப் போனது. உடைந்த மந்திரம் திரும்பித் தாக்க, காரிமுகன் கோட்டைப் படிக்கல்லாகிக் கிடந்தான்.

ஆளுக்கொரு மணல் நாக்கில் கரகரத்தது. ஒருவரும் துப்பவில்லை. நிமிர்ந்து நின்று விழுங்கினார்கள்.

பூட்டு உடைந்து வந்த இளவரசி முதலில் அம்மாவுக்காக அழுதாள். பிறகுதான் முடி சூடினாள். “சேந்தி, உனக்கு என்ன வேண்டும்?”

“நான் செத்தாலும் இதே முரசுல சொல்லணும், தாயே. ஊரோட சேர்ந்து நீங்களும் திருப்பிச் சொல்லணும்.”

பல காலம் கழித்து அப்படியே நடந்தது. கூட்டத்தில் முதலில் எழுந்தது அரசியின் குரல்தான்.

கதை கேட்டவர்களே, என்றைக்காவது மெய் பேசும்போது உங்கள் நாக்கில் மணல் கரகரத்தால் துப்பிவிடாதீர்கள். அது உங்கள் பங்கு.