திறக்கலாம், மூடலாம்

"ஒரு தடவை திறந்ததை, திறக்காத மாதிரியே மூட முடியாதா அம்மா?"

கேட்டவர் ஆவுடையப்பன். தென்காசியில் நன்னாரி சர்பத்தைப் பாக்கெட்டில் அடைத்து விற்பவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

கேட்டது சங்கரவடிவிடம். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. குற்றாலம் போகிற சாலையில் ஒற்றை அறைக் குடில் ஒன்றில் இருந்தார். ஊர் அவரை வடிவம்மா என்றது. உபதேசம் செய்வதில்லை. கேட்டால் பேசுவார். சில நாள் கேட்டாலும் பேசமாட்டார்.

அன்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதைத் திறந்தீங்க அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் பையிலிருந்து ஒரு நன்னாரி பாக்கெட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அருவிக்கு வர்ற சனம் இதை வாங்கும். பாதி குடிக்கும். மிச்சத்தை எங்கே வைக்கிறதுன்னு தெரியாம கையிலேயே பிடிச்சுக்கிட்டு அலையும். கடைசியில ஓடையில வீசிட்டுப் போயிரும். அதனால திறந்து மூடுற மாதிரி ஒரு ஜிப் வச்சோம். விரலால அழுத்தினா மூடிக்கும்."

"நல்ல யோசனைதானே?"

"என் தங்கச்சி பகவதியோட யோசனை."

"சரி."

"முதல்ல செஞ்சது ஒரு கல்யாணத்துக்குப் போச்சு. சனம் பாதி குடிச்சுட்டு, மூடி, தாம்பூலப் பைக்குள்ள வச்சுக்கிட்டு பஸ் ஏறியிருக்கு. வழியெல்லாம் ஒழுகியிருக்கு. பட்டுச்சேலையெல்லாம் கறை. மாப்பிள்ளை வீட்டார் நேரா வந்து வாசல்ல நின்னு கேட்டாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்தது."

"தங்கச்சி என்ன சொன்னாங்க?"

"அவ இப்ப வர்றதில்ல."

வடிவம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஆவுடையப்பன் அவசரமாகத் தொடர்ந்தார். "அதுக்கப்புறம் நானே தனியா உட்கார்ந்து சரி பண்ணினேன். ஆழமான பள்ளம் உள்ள ஜிப்பை வரவழைச்சேன். இதுதான் அது. தலைகீழாத் தொங்கவிட்டாலும் சொட்டாது. ஆனா இதையும் யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க. அதான் கேக்குறேன், என்னதான் பண்றது?"

வடிவம்மா கையைத் துடைத்துக்கொண்டு பாக்கெட்டை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த வாயைக் கிழித்தார். அதன் கீழே ஜிப். பிரிக்கப் பார்த்தார். வரவில்லை. நகத்தை வைத்து நெம்பினார். நகம் வழுக்கியது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். ம்ஹூம்.

அப்போதுதான் பால்காரப் பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். அவளிடம் நீட்டினார். மாட்டின் மடியில் பழகிய விரல்கள். அவற்றுக்கும் முடியவில்லை. பேச்சியம்மாள் பல்லால் கடிக்கப் போனாள்.

"கடிக்காதீங்க, கடிக்காதீங்க." ஆவுடையப்பன் வாங்கி, இரண்டு கட்டைவிரலையும் வைத்து, முகம் சிவக்க இழுத்தார். படக்கென்று திறந்தது. கால்வாசி சர்பத் கீரையின் மேல் கொட்டியது.

"பார்த்தீங்களா, எவ்வளவு உறுதி!" என்றார்.

"ரொம்ப நல்லா மூடியிருக்கீங்க. யாருக்காக?"

"குடிக்கிறவங்களுக்காகத்தான்."

பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். "குடிக்க விட்டாத்தானே அண்ணாச்சி!"

ஆவுடையப்பனுக்கு முகம் சுருங்கிப்போனது.

வடிவம்மா கீரையை அலச எழுந்தார். "பழைய பாக்கெட் மிச்சம் இருக்கா?"

"கிடக்கு, ஒரு மூலையில. கண்ணுல பட்டாலே எரிச்சல் வருது."

"நாளைக்குக் காலையில நான் சங்கரன்கோவில் போகணும். தென்காசி வரைக்கும் கூட வாங்க. வரும்போது பழையதுல ஒண்ணைக் கொண்டாங்க."

*

மறுநாள் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் வெள்ளை வேட்டியில் வந்தார். டவுன் பஸ்ஸில் இருவருக்கும் முன்பின்னாக இடம் கிடைத்தது.

வடிவம்மா பழைய பாக்கெட்டை வாங்கினார். கிழித்தார். ஜிப் லேசாகத் திறந்தது. பாதி குடித்தார். விரலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்தி மூடி, பின்னால் நீட்டினார்.

"இதை மடியில வச்சுக்கோங்க."

"அம்மா, வேட்டி."

"தெரியுது."

"நிமிர்த்தி வைக்கவா, படுக்கப் போடவா?"

"பஸ் எப்படிப் போகுதோ அப்படி."

பஸ் போனது. மலையை மேகம் மூடியிருந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஆவுடையப்பன் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் மூச்சு நின்றது.

தென்காசி பஸ் நிலையத்தில் இறங்கியதும் வேட்டியை விரித்துக் காட்டினார்.

"சொன்னேன்ல! ஒழுகிருச்சு."

சொன்ன குரலில், வழக்கில் ஜெயித்தவனின் தெம்பு இருந்தது.

"எவ்வளவு?" என்றார் வடிவம்மா.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். "ஒரு புளியங்கொட்டை அளவு."

"மிச்சம்?"

அவர் பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உள்ளதான் இருக்கு."

"குடிங்க."

திறந்து குடித்தார். சூடேறியிருந்தது. ஆனாலும் நன்னாரிதான். வேரின் வாசம் மூக்குவரை ஏறியது. இவ்வளவு நாளும் பாக்கெட்டோடு மல்லுக்கட்டியதில், உள்ளே இருப்பதைக் குடித்தே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். வடிவம்மாவும் உட்கார்ந்தார்.

ஒரு பஸ் வந்தது. போனது.

"அம்மா, நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

என்ன வார்த்தை என்று வடிவம்மா கேட்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

"மாப்பிள்ளை வீட்டார் வந்துட்டுப் போன அன்னைக்கு, மிஷின்கிட்ட நின்னுக்கிட்டு, எல்லாரும் கேக்க, பகவதியைப் பார்த்துச் சொன்னேன். 'வாழப்போன வீட்லயே இருக்கத் தெரியாதவ, உனக்கு வியாபாரம் எங்கே தெரியப்போகுது'ன்னு." அவர் குரல் இறங்கியது. "அவ புருஷன் சரியில்ல அம்மா. ராத்திரியோட ராத்திரியா அவளைக் கூட்டிக்கிட்டு வந்ததே நான்தான். 'இது உன் வீடு'ன்னு சொன்னதும் நான்தான்."

சாரல் பெஞ்சுவரை அடித்தது.

"அவ கையைக் கழுவினா. போயிட்டா. அம்பாசமுத்திரத்துல ஒரு ஜவுளிக்கடையில நிக்கிறா. கூடப் படிச்ச பொம்பளைப் பிள்ளை வீட்ல தங்கியிருக்கா. நான் போய்க் கூப்பிட்டாலும் பழையபடி இருக்க மாட்டா."

"பழையபடி எதுக்கு?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். சங்கரன்கோவில் பஸ் வந்து நின்றது. வடிவம்மா ஏறிவிட்டார்.

"அம்மா!" என்று ஜன்னல்வரை ஓடினார்.

"வேட்டியை ஊறவச்சுத் துவைங்க அண்ணாச்சி. கறை போயிரும்."

கண்டக்டர் விசில் ஊதினார்.

"போகலேன்னாலும் கட்டிக்கலாம்" என்றார் வடிவம்மா.

பஸ் போய்விட்டது.

ஆவுடையப்பனின் வீடு கூப்பிடு தூரம்தான். போய் வேட்டியை மாற்றிக்கொண்டு வரலாம் என்று இரண்டெட்டு வைத்தார். நின்றார். திரும்பினார். அம்பாசமுத்திரம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. அதில் ஏறினார்.

*

பகவதி கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். பார்வை முகத்தில் நிற்கவில்லை. கீழே இறங்கியது.

"வேட்டியில என்ன?"

"நன்னாரி."

"எந்த பாக்கெட்?"

"நீ வச்ச ஜிப்."

அவள் கை நின்றது. "அதைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?"

"ஐயோ, இல்லம்மா." அவருக்கு வார்த்தை தடுமாறியது. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, பகவதி."

"ஆமா."

"எல்லாரும் இருக்கும்போது சொன்னேன்."

"ஆமா."

"அதைச் சொல்லாததா ஆக்க முடியல. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன்."

"முடியாதுண்ணே."

அவள் ஒரு சேலையை எடுத்தாள். மடித்தாள். மடிப்பு சரியில்லை என்று பிரித்தாள்.

"எனக்கு இன்னும் கோபம் இருக்கு."

"இருக்கட்டும்."

"நான் திரும்பி வந்தாலும் இருக்கும். காலையில சிரிச்சுப் பேசுவேன். சாயங்காலம் ஞாபகம் வந்துரும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவேன்."

"கோபத்தோடயே வா."

பகவதி அவரையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சிறு வயதில் பள்ளிக்கூட வாசலில் தாமதமாக வந்து நிற்கிற அண்ணனை அவள் இப்படித்தான் பார்ப்பாள்.

"முதலாளி பாக்குறார். வெளியே போய் நில்லு. சாப்பாட்டு நேரத்துக்கு வர்றேன்."

ஆவுடையப்பன் வெளியே போய் நின்றார். மழை விட்டிருந்தது. எதிரே டீக்கடையில் யாரோ வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். காரணமில்லாமல் அதைப் பார்த்துச் சிரித்தார்.

*

ஜவுளிக்கடையில் கணக்கை முடித்துக்கொண்டு, வாரக் கடைசியில் பகவதி வந்து சேர்ந்தாள்.

மிஷின் ஓடத் தொடங்குமுன் ஆவுடையப்பன் வேலையாட்களைக் கூப்பிட்டார். "அன்னைக்கு இதே இடத்துல நின்னு தங்கச்சியை ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. நீங்க கேட்டீங்க, அதனால இதையும் உங்ககிட்டச் சொல்றேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவர் மூக்கை உறிஞ்சினார். பகவதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "மிஷினைப் போடுங்க" என்றாள்.

மிஷின் ஓடியது.

அவள் அண்ணன் செய்த பாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். கிழித்தாள். ஜிப்பை இழுத்தாள். விரலை மாற்றி இழுத்தாள். சுவரில் முதுகை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். திறந்தபோது அவள் முகத்திலேயே சர்பத் அடித்தது.

ஆவுடையப்பன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

பகவதி முகத்தைத் துடைத்தாள். மிஷின் சத்தத்துக்கு மேல் உரக்கச் சொன்னாள்.

"அண்ணே, இது உருப்படாது!"

மிஷினருகில் இருந்தவர்கள் திரும்பினார்கள். யாரோ சுவிட்சை அணைத்தார்கள்.

ஆவுடையப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார்.

மூடினார்.

தாழ்வாரத்துத் தகரத்திலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. பகவதி துண்டும் கையுமாக அசையாமல் நின்றாள்.

அவர் மறுபடியும் வாயைத் திறந்தார்.

"அப்ப எப்படிப் பண்ணலாம்? சொல்லு."