சீல் உடையாத டீசல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் யாரும் விதியை மீறவில்லை. தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கூத்தாடிமட்டம் ஒரு மலையூர். புயலில் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போயிருந்தது. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூங்கனி என்பவளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததிலிருந்தே மூச்சுத் திணறல். ஆக்சிஜன் தரும் கருவி ஜெனரேட்டரில்தான் ஓடியது; ஜெனரேட்டரில் டீசல் தீரப்போகிறது. ஆம்புலன்ஸோ வேறொரு நோயாளியோடு சமவெளிக்கு இறங்கியிருந்தது.

அப்போது செல்லப்பாண்டியின் லாரி வந்தது. முதுகில் போல்ட் போட்டு இறுக்கிய டேங்க், நிறைய டீசல். மலையுச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கு. டேங்க் வாயில் சீல். நர்ஸ் ரோஸ்லின் கையை விரித்து நடுரோட்டில் மறித்தார். செல்லப்பாண்டி எஞ்சினை அணைக்காமலேயே தலையை நீட்டினார்.

"அண்ணே, ஒரு கேன் டீசல் குடுங்க. பச்சப்புள்ளண்ணே."

"சீல உடைச்சா மேல எறக்க மாட்டாங்க சிஸ்டர். போன மழைக்கு யாரோ தண்ணி கலந்து, அங்க ஜெனரேட்டர் நின்னு ஆளே செத்துப்போச்சு. அங்கயும் உசுருதான் கெடக்கு."

"அது என்ன தாலியா, அறுத்தா ஆகாதுன்னு?"

"நீங்க பேசுவீங்க. லைசென்ஸ் போறது எனக்கு."

"சரி, தாயையும் புள்ளையையும் ஏத்திக்கிட்டாவது போங்க."

"எண்ணெ ஏத்துன வண்டியில வெளியாள ஏத்தக் கூடாது. தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

ரோஸ்லின் வழிவிட்டார். செல்லப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கியர் போட்டார்.

உச்சியில் ஸ்டோர் பொறுப்பாளர் மைதீனுக்குச் சீலைப் பார்த்ததும் திருப்தி. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று முதல் வாளியைப் பிடித்துச் சோதித்தார். வழக்கப்படி அதைத் தரையில் கொட்டினார். "சுத்தமான சரக்குப்பா" என்றார். அந்நேரம் கீழே ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. குழந்தை பூங்கனியின் மடியிலேயே இறந்தது.

வழிவிட்ட ரோஸ்லின், சீலைக் காத்த செல்லப்பாண்டி, வாளியைக் கொட்டிய மைதீன். இதில் யார் செய்தது சரி?

விடை: மூவரும் சரி என்றுதான் விசாரணை முடிந்தது. விதியைத் திட்டாதீர்கள், அது ஒரு சாவுக்குப் பிறகு வந்த நல்ல விதி. செல்லப்பாண்டிக்கு இரக்கமில்லை என்றும் சொல்லாதீர்கள். என் கோபம் வேறு. சீல் இருந்தது சரக்கு டேங்கில். அவர்கள் வாதாடிய நேரமெல்லாம் லாரியும் டீசலில்தானே உறுமிக்கொண்டிருந்தது? அந்த வண்டியின் சொந்த டேங்குக்குச் சீல் ஏது? அதிலிருந்து ஒரு கேன் எடுக்கக் கூடாதென்று எந்த விதியும் சொல்லவில்லை. ஒரு ரப்பர் குழாய் போதும். எதெல்லாம் கூடாது என்பதையே மனப்பாடம் செய்தவர்களுக்கு எது கூடும் என்று தேடத் தோன்றவில்லை. ஆகவே ஒருவர் செய்ததும் சரியில்லை. இதை எல்லோரிடமும் வாதாடிவிட்டேன், ரோஸ்லினிடம் தவிர. அவருடைய ஜன்னலுக்கு வெளியே தினமும் லாரிகள் ஏறுகின்றன.