பக்கத்து வீட்டுப் பெண்

இந்தக் கதைக்கு நடுவில் யாரும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சட்டமே படித்த மூன்று பேர் இதில் வருகிறார்கள். அவர்கள் அவசரப்பட்டதே போதும்.

கறுப்பு அங்கியின் மடிப்புக்கூடக் கலையாத மூன்று இளம் வழக்கறிஞர்கள், மலையடிவாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தப் போனார்கள். யாரும் காசு கொடுத்து அழைக்கவில்லை. பேனரும் காரும் அவர்கள் செலவுதான். நல்ல பிள்ளைகள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கோபம் வேறு.

அவர்களில் இளம்பரிதி மேடைப் பேச்சில் கெட்டிக்காரன். பிள்ளைகளின் கூச்சம் தெளியட்டும் என்று, "உங்கள்ல ரொம்பத் தூரத்துல இருந்து வர்றது யாரு?" என்று ஆரம்பித்தான்.

பதினோராம் வகுப்பு வினோதா எழுந்தாள். "நான்தான் சார். கரட்டு மேல ஒத்தை வீடு. உப்பு கடன் கேக்கக்கூட அக்கம்பக்கத்துல ஆளில்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். வழக்கறிஞர்கள் மூவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பிறகு குழந்தைத் திருமணம் பற்றிப் பேச்சு நடந்தது. பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். சிறந்த கேள்விக்கு ஒரு நல்ல பேனா பரிசு என்று அறிவித்தார்கள். வினோதா மறுபடி எழுந்தாள்.

"சார், ஒரு பொண்ணுக்குப் பதினாறு வயசு. மண்டபமெல்லாம் வேண்டாம்னு வீட்டுலயே தாலி கட்டிட்டா, அது கல்யாணம்னு ஆயிடுமா? அப்புறம் அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வரலாமா?"

இளம்பரிதியின் முகம் மலர்ந்துவிட்டது. 'அ' என்பவர் 'ஆ' என்பவருக்கு நிலத்தை விற்றார் என்ற கற்பனைக் கணக்குகளிலேயே சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் வளர்ந்தவன் அவன். கட்டி வைத்தவர்களுக்குத் தண்டனை உண்டு என்றான். ஆனால் கட்டிய தாலி தானாக இல்லாமல் போய்விடாது, அந்தப் பெண் நீதிமன்றத்தில் மனுச் செய்து செல்லாது என்று தீர்ப்பு வாங்க வேண்டும் என்றான். படிப்பைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் சொன்னான். ஒரு சொல்லில்கூடப் பிழையில்லை. "இதுதான் கேள்வி!" என்று பேனாவை அவளுக்கே கொடுத்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டான்.

மூவரில் இன்னொருத்தியான ஷாஹிதாவுக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் வினோதாவைத் தனியே அழைத்து, "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்றாள்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு மேடம். வர்ற வளர்பிறைல முகூர்த்தம்." பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிராதீங்க மேடம். அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா அவளைக் கொன்னே போட்ருவாரு."

ஷாஹிதா கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். அதே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த மூன்றாவது வழக்கறிஞர் காருண்யாவின் காதிலும் இது விழுந்தது. திரும்பும்போது காரிலேயே சண்டை.

"என்னை நம்பித்தான்டி சொன்னா. வாய் திறக்க மாட்டேன்."

"வாக்குக் குடுத்தது நீ. நான் இல்ல" என்றாள் காருண்யா. இதுவும் சட்டப்படி சரியான வாதம்தான். வீடு போய்ச் சேருவதற்குள் உரிய அதிகாரிகளுக்குப் போன் போட்டு, வினோதா வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று விலாசமும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அதிகாரிகள் இருவர் மூச்சிரைக்கக் கரடு ஏறினார்கள். வாசலில் வினோதாவின் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க பக்கத்து வீட்டுல சின்னப் பொண்ணுக்குக் கல்யாணமாமே?"

"பக்கத்து வீடா? நீங்களே பாருங்க சார், எங்க இருக்கு?"

சுற்றிலும் சோளம்தான் நின்றது. வந்த தகவல் பொய் என்று குறித்துக்கொண்டு, அவர் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு, அதிகாரிகள் இறங்கிப் போனார்கள். அந்த மனிதர் வளர்பிறைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் விடியும்போதே மகளை மலைக்கு அப்பால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கேயே தாலி கட்ட வைத்துவிட்டார். வினோதா பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

செய்தி கேட்டு மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். நான் சொன்ன சட்டத்தில் என்ன தப்பு என்றான் இளம்பரிதி. என்னைப் போல எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு வளர்பிறை வரையாவது நாள் இருந்திருக்கும் என்றாள் ஷாஹிதா. அந்த நாளை வைத்து நீ என்ன கிழித்திருப்பாய் என்று கேட்டாள் காருண்யா.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சட்டத்தைப் பிழையில்லாமல் சொன்னவன் ஒருவன், கொடுத்த வாக்கைக் காத்தவள் ஒருத்தி, ஒரு பெண்ணின் வாழ்வுக்காக அந்த வாக்கை மதிக்காமல் போனவள் ஒருத்தி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வாக்கைவிட வாழ்வு பெரிது, ஆகவே காருண்யாதான் என்பீர்கள். நானும் பாதி வழி உங்களோடு வருகிறேன். ஆனால் ஒற்றை வீட்டுக்குப் பக்கத்து வீடு ஏது? அக்கம்பக்கத்தில் ஆளில்லை என்று அவள் எல்லார் முன்னாலும் சொன்னாளே, மூவரும் கேட்டுச் சிரித்தார்களே! நீதிமன்றத்தில் ஒரு சாட்சி இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசியிருந்தால் துள்ளி எழுந்திருப்பார்கள். இங்கே கற்றுக்கொடுக்க வந்த அவசரத்தில் காது வேலை செய்யவில்லை. மூவர் செய்ததும் சரியில்லை. "அந்தப் பொண்ணு நீதானாம்மா?" அன்று பரிசுக்குரிய கேள்வி அது ஒன்றுதான், அதை யாரும் கேட்கவில்லை. பேனா இப்போது மலைக்கு அப்பால் இருக்கிறது.