மெலிந்துபோன இட்லி

திரவியம் அண்ணாச்சிக்குக் கடலைமிட்டாய்த் தொழில். அந்தப் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் அவருடைய அஞ்சு ரூபாய் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். ஒரு வருஷமாக என்னவோ, சரம் தொங்கிக்கொண்டே இருந்ததே தவிர யாரும் கிழித்து வாங்கவில்லை. கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். பட்டறையில் ஓர் அடுப்பை அணைத்தாயிற்று. அடுத்த அடுப்பையும் அணைத்தால், பாகு காய்ச்சிப் பலகையில் பரப்பி வெட்டிப்போடும் பெண்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எல்லாரும் அவர் மகள் கல்யாணத்தில் ஓடி ஓடிப் பந்தி பரிமாறியவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது?

தாமிரபரணிக் கரையில் குழல்வாய்மொழி அம்மையின் மடம் இருந்தது. அம்மைக்கு வயது அதிகமில்லை. அண்ணாச்சியின் மகளுக்கு அக்கா என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஆனாலும் அண்ணாச்சி வருஷம் தவறாமல் வந்து, தரையில் விழுந்து கும்பிட்டு, சில நாள் தங்கிப் போவார். அவர் 'அம்மா' என்பார். அம்மை 'அண்ணாச்சி' என்பார். புதிதாக வருகிறவர்கள் இதில் யார் குரு என்று கொஞ்ச நேரம் முழிப்பதுண்டு.

"என்ன அண்ணாச்சி, முகம் வாடிக் கெடக்கு?"

"சந்தை சரியில்லம்மா."

"சந்தைக்கு என்ன?"

"கடலை வெலை ஏறிப்போச்சு. வெல்லம் அதுக்கு மேல. சனங்க கையில காசு இல்ல. இருக்கத சாக்லேட்டுக்குக் குடுக்காங்க. டிவியில சொல்லுதான், ஒலகம் பூராவே மந்தமாம்."

"ஒலகம் பூராவுமா?"

"ஆமாம்மா." சொல்லும்போது அண்ணாச்சிக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

"அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"எல்லாரும் செய்யுததுதான். வெலையத் தொடல. பாக்கெட்டும் அதே பாக்கெட்டுதான். உள்ள மிட்டாய மட்டும் ஒரு நூலு மெலிசாக்கினேன். போன வருசம்."

"யாரும் கேக்கலையா?"

"அதாம்மா அதிசயம்! ஒரு ஆள் கேக்கணுமே! ஒரு போன் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. நம்ம சனங்க தங்கமான சனங்க." அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப இன்னொரு நூலு மெலிசாக்கலாம்னு பாக்கேன். புது எடையப் போட்டு கவர் அடிக்கணும். அச்சாபீஸ்காரன் தெனமும் போன் போட்டு உயிர வாங்குதான். கொறைக்கலாமா வேண்டாமான்னு அம்மா ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அம்மை யோசித்தார். பிறகு, "களைச்சுப்போய் வந்திருக்கீங்க. படுங்க. பேசிக்கிடலாம்" என்றார்.

மடத்தில் காலைப் பலகாரம் பிரசித்தம். ஆளுக்கு நாலு இட்லி. சமையல்காரர் சொள்ளமுத்து ஊற்றும் இட்லி இலையில் விழுந்தால் ஒரு துள்ளு துள்ளி உட்காரும். அண்ணாச்சி ஞானத்துக்காகத்தான் மடத்துக்கு வருகிறார் என்று ஊரில் பேர். அவர் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும்.

மறுநாள் காலை இலை போட்டார்கள். அதே அகல இலை, அதே சாம்பார் வாளி. நாலு இட்லி விழுந்தது. துள்ளவில்லை. அண்ணாச்சி ஒன்றை விண்டு பார்த்தார். கொஞ்சம் தட்டையாக இருந்தது. மாவு பொங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் இன்னும் தட்டை. வட்டமெல்லாம் பழைய வட்டம்தான், உயரத்தைத்தான் காணவில்லை. அண்ணாச்சி ஓரக்கண்ணால் பக்கத்து இலைகளைப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. எல்லாரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மை பந்தியோரமாக வந்தார். "போதுமா அண்ணாச்சி?"

"வயிறு நெறைஞ்சு போச்சும்மா!" என்றார் அண்ணாச்சி. வயிறு அந்த நேரம் பார்த்துக் கடமுடா என்றது.

கையலம்பும்போது அவருக்குக் கோபம் வந்தது. உளுந்து விலை ஏறியிருக்கும், யார் இல்லை என்றது? அதற்கு என் வயிறுதானா கிடைத்தது? ஊரிலிருந்து இவ்வளவு தூரம் நம்பி வருகிற மனுஷனை இப்படியா நடத்துவது? மறுகணமே, மடத்தைப் போய்க் குறை சொல்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"காலாற நடந்துட்டு வாரேன்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டினார். அங்கே மாசானத்தின் டீக்கடை. எண்ணெயில் வடை மிதந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி காலாற நடக்கவில்லை, வாயாரத் தின்றார்.

மூன்றாம் நாள் இட்லி, தகடு. இலையின் பச்சை மேலே தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அண்ணாச்சி நாலையும் நாலு வாயில் முடித்துவிட்டு, வாசலில் சொல்லக்கூட நிற்காமல் பாலத்துக்கு விரைந்தார்.

டீக்கடையில் பெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு முனையில் மடத்தில் தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார். அடுத்து மதுரையிலிருந்து வந்த புருஷன் பெண்சாதி. அவர்களுக்கப்பால், மடத்தில் விரதம் இருப்பதாகச் சொன்னவர். எல்லார் கையிலும் வடை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணாச்சியும் யாரையும் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

மாசானத்துக்கு வாயெல்லாம் பல். "என்னன்னே தெரியல அண்ணாச்சி, ரெண்டு நாளா யாவாரம் பிச்சுக்கிட்டுப் போவுது. திருவிழா கிடையாது, ஒண்ணுங் கிடையாது. எப்படின்னே புரியல!"

அண்ணாச்சி வடையை மென்றுகொண்டே, தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர் தோரணையில் சொன்னார்: "சந்தை அப்படித்தான் மாசானம். திடீர்னு ஏறும், திடீர்னு எறங்கும். நம்ம கையில என்ன இருக்கு?"

நாலாம் நாள் அவர் காத்திருக்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக டீக்கடைக்குப் போய்விட்டு வந்து, நல்ல பிள்ளையாகப் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் இட்லி விழுந்தது. தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மை வந்து எதிரே உட்கார்ந்தார். "சாப்பிடலையா?"

"இன்னைக்கு வயிறு சரியில்லம்மா."

"வாயோரத்துல என்ன அது?"

அண்ணாச்சி துடைத்தார். கையில் வடைத்துணுக்கு ஒட்டியிருந்தது.

"மாசானம் கடையா?"

தலை தானாகக் கவிழ்ந்தது. "ஆமாம்மா."

"இன்னைக்கு மட்டுமா?"

"முந்தாநாள்லருந்து."

"ஏன், இங்க பத்தலையா?"

"அது வந்து... இட்லி கொஞ்சம் மெலிஞ்சுட்டும்மா."

"எப்பத் தெரிஞ்சுது?"

"மொத நாளே. கையில எடுத்ததுமே தெரிஞ்சு போச்சு."

"பெறவு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"எப்படிம்மா கேக்கது? நாலுன்னா நாலு இட்லி இலையில இருக்கு. மெலிஞ்சுபோச்சுன்னு வாயத் தொறந்து கேட்டா நமக்குத்தான அசிங்கம்? அதான் பேசாம எந்திரிச்சு, வேற கடைக்கு..."

அண்ணாச்சியின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

சொள்ளமுத்து சாம்பார் வாளியோடு அப்படியே நின்றார். பந்தியில் தாசில்தார் மட்டும் காரணமில்லாமல் இருமினார்.

அண்ணாச்சி இலையிலிருந்த இட்லியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வருஷமாகத் தங்கமான சனங்கள், தங்கமான சனங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று நினைத்தார். அந்த வெட்கத்துக்குப் பின்னாலேயே, அடக்க முடியாமல், சிரிப்பு வந்தது. தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அம்மையும் சிரித்துவிட்டார்.

அப்போது பார்த்து அச்சாபீஸ்காரன் போன் போட்டான்.

"ஆமா தம்பி, கவர் அடிக்க வேண்டியதுதான். எடையா? பழசு. இப்ப உள்ள பழசு இல்லப்பா, அதுக்கும் முந்தினது. மொதமொதல்ல இருந்துதே, அது. வெலையா... வெலைய மட்டும் இப்பப் போடாத. நான் சொல்லுதேன்."

போனை வைத்ததும் அம்மை அடுப்படிப் பக்கம் திரும்பினார். "சொள்ளமுத்து அண்ணே, பழையபடி ஊத்துங்க."

"அப்பாடா!" என்றார் சொள்ளமுத்து. "நாலு நாளா இந்தத் தகட்டை ஊத்தி என் மானமே கப்பலேறிப் போச்சும்மா!"

கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்க இட்லி வந்தது. இலையில் விழுந்து துள்ளியது. பந்தியே நிமிர்ந்து உட்கார்ந்தது. விரதக்காரர் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார். வயிற்றில் ஏற்கெனவே வடை இருப்பதை அண்ணாச்சி மறந்தே போனார்.

நாலாவது இட்லியில் கை வைக்கும்போது அவருக்கு மறுபடி கவலை வந்துவிட்டது.

"அம்மா, பழைய எடை போடணும்னா வெலையக் கூட்டணும். இல்லன்னா கட்டுப்படி ஆகாது."

"கூட்டுங்க."

"கூட்டினா சும்மா விடமாட்டாங்கம்மா. மிட்டாய் மெலிஞ்சா பேசாமப் போயிருவாங்க. ஒரு ரூவா கூடிட்டுன்னா அவ்வளவுதான், நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாவுற மாதிரி கேப்பாங்க. கெளம்பி வந்து சண்ட போடுவாங்க."

"சண்ட போட எங்க வருவாங்க அண்ணாச்சி?"

"எங்கன்னா... நம்ம பட்டறைக்குத்தான்."

"வரட்டுமே" என்றார் அம்மை, அவர் இலையில் இன்னொரு இட்லியை வைத்தபடி.